‘இது சிவில் விவகாரம்’ என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால் என்ன செய்வது?

காரைக்குடியிலிருந்து வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை யாரும் அடையாளம் கண்டுகொள்ளாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

பழைய வீடு ஒன்றை இடித்துவிட்டு அந்த மனையில் கட்டிய அடுக்ககம். மூன்று மாடிகளில் பன்னிரண்டு வீடுகள். கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம். வாசகியின் கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். வீடு அவர் பெயரில் இருக்கிறது. வாசகி, 78 வயது மாமியார், பள்ளியில் படிக்கும் மகள் ஆகிய மூவரும் இரண்டாம் மாடியில் குடியிருக்கிறார்கள். முதல் மாடிக்காரர் கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரர். அவருக்கு ஒதுக்கியது ஓரிடம்தான். ஆனால் கார், சரக்கு வேன், அடுக்கிவைத்த அண்டாக்கள், அடுப்புகள் என்று நான்கு வண்டிகள் நிற்கக்கூடிய இடம் அவர் வசம் இருக்கிறது. வாசகியின் ஏழாம் எண் இடமும் அதற்குள் போய்விட்டது.

முகூர்த்த நாட்களில் நள்ளிரவு தாண்டி ஆட்கள் வந்து பாத்திரங்களை இறக்குகிறார்கள். பிறகு அங்கேயே உட்கார்ந்து குடிக்கிறார்கள், பாட்டு அலறுகிறது. கேட்கப் போனால் வசவு. “புருஷன் ஊரில் இல்லாத பொம்பளைக்கு இவ்வளவு வாயா” என்று மகளின் எதிரிலேயே சொல்லியிருக்கிறார். போன மாதம் மாமியாருக்கு மூச்சுத்திணறல் வந்து 108 ஆம்புலன்ஸ் வந்தபோது, வேன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. கதவைத் தட்டியும் அவர் எழவில்லை. முதியவரை நாற்காலியில் உட்காரவைத்து, வேனுக்கும் சுவருக்கும் இடையிலான சந்து வழியாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காவல் நிலையத்தில் மனுவை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்” என்றார்களாம். சங்கச் செயலாளர், “நமக்கு ஏன் வம்பு” என்கிறார். ஒப்பந்தக்காரரோ, “ஐந்து வருடமாக நிறுத்துகிறேன், அனுபவ பாத்தியதை வந்துவிட்டது” என்கிறார். வாசகியின் தம்பி வேன் டயர்களைக் கிழித்துவிடத் தயாராக இருக்கிறார். மற்ற வீட்டுக்காரர்கள், தண்ணீர்க் குழாயை அடைத்தால் வழிக்கு வந்துவிடுவார் என்கிறார்கள். பணம் கொடுத்து வாங்கிய இடம் என் சொத்து இல்லையா, போலீஸ் ஏன் வேனை இழுத்துக்கொண்டு போகவில்லை, நான் பராமரிப்புத் தொகையைக் கொடுக்காமல் நிறுத்தலாமா, இல்லை வீட்டையே விற்றுவிட்டுப் போகலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

மூச்சுத்திணறலோடு ஒரு முதியவரைச் சந்து வழியாகத் தூக்கிச் சென்ற அந்த இரவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தபோது மனம் பதறியது. உங்கள் கோபம் நியாயமானது.

நீங்கள் காவல் நிலையத்தில் கொடுத்த மனுவின் நகலையும் அனுப்பியிருந்தீர்கள். அது திரும்பி வந்ததற்குக் காரணம் அந்த மனுவிலேயே இருக்கிறது. மூன்று பக்க மனுவில் இரண்டரைப் பக்கம் ஏழாம் எண் இடத்தைப் பற்றியது. வசவும் குடியும் கடைசியில் நான்கு வரிகள். எந்த அதிகாரியும் முதல் பக்கத்தைப் படித்ததும் ‘இடத் தகராறு’ என்று முடிவு செய்துவிடுவார். உங்களுக்கு இருப்பவை மூன்று தனித்தனிப் பிரச்சினைகள். ஒவ்வொன்றுக்கும் போகவேண்டிய வாசல் வேறு. மூன்றையும் ஒரே தாளில் எழுதினால் மூன்றுமே நிற்காது.

முதலில் சிலிண்டர்கள்

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: “மாடிப்படிக்குக் கீழே எட்டுப் பத்து பெரிய சிலிண்டர்களும் கிடக்கின்றன.” என்னை எல்லாவற்றுக்கும் மேலாகக் கவலைப்பட வைத்தது இந்த வரிதான். பன்னிரண்டு குடும்பங்கள் ஏறி இறங்கும் ஒரே படிக்கட்டு அது. பக்கத்திலேயே குடித்துவிட்டுப் புகைபிடிக்கிறார்கள் என்றும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வணிகப் பயன்பாட்டுக்கான வழக்கமான சிலிண்டர் ஒன்றில் 19 கிலோ எரிவாயு இருக்கும். 2016ஆம் ஆண்டின் எரிவாயு உருளை விதிகளின்படி, உரிமம் இல்லாமல் 100 கிலோவுக்கு மேல் சமையல் எரிவாயு சேர்த்துவைக்கக் கூடாது. ஐந்து சிலிண்டர்களுக்கே 95 கிலோ ஆகிவிடுகிறது. நிரம்பிய ஆறாவது சிலிண்டர் வந்தாலே வரம்பு தாண்டிவிடும். அளவு ஒருபுறம் இருக்கட்டும்; தப்பிக்கும் வழியான படிக்கட்டின் அடியில் ஒன்று இருந்தாலும் ஆபத்துதான். எரியும் பொருளைக் கவனக்குறைவாக வைத்துப் பிறர் உயிருக்கு ஆபத்து உண்டாக்குவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 287ஆம் பிரிவின்படி குற்றம்.

இதற்கு நீங்கள் செயலாளருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. சிலிண்டர்கள் தெரியும்படி நான்கைந்து படங்கள் எடுங்கள். தீயணைப்பு நிலையத்துக்கு ஒரு மனு, காவல் நிலையத்துக்கு ஒரு மனு, தேவகோட்டை வருவாய்க் கோட்ட அலுவலகத்துக்கு ஒரு மனு. மூன்றிலும் சிலிண்டரைத் தவிர வேறு எதையும் எழுத வேண்டாம். கோட்ட அலுவலகம் எதற்கென்றால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவு, மக்களின் உடல்நலத்துக்கோ நிம்மதிக்கோ கேடான தொழிலையும் சரக்கையும், தீ அல்லது வெடிப்பு ஏற்படுத்தக்கூடிய பொருளையும் அகற்றச் சொல்லி உத்தரவிடும் அதிகாரத்தை அங்கே நிர்வாக நடுவராக இருக்கும் கோட்டாட்சியருக்குக் கொடுத்திருக்கிறது. பழைய சட்டத்தில் 133ஆம் பிரிவாக இருந்தது இது. உங்கள் கார் இடத்துக்காக இதே பிரிவில் மனு போட்டால் தள்ளுபடி ஆகிவிடும். அது தனிப்பட்டவர்களின் உரிமைத் தகராறு. சிலிண்டருக்கு நிற்கும்.

மூன்று மனுக்களையும் நேரில் கொடுத்து முத்திரையுடன் ரசீது வாங்குங்கள், அல்லது ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்புங்கள். இதை இந்த வாரமே செய்துவிடுங்கள்.

ஏழாம் எண் இடம் யாருடையது?

இங்கே நீங்களும் ஒப்பந்தக்காரரும் ஆளுக்கொரு தவறான எண்ணத்தில் இருக்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய ஆவணங்களைப் பார்த்தேன். கிரையப் பத்திரத்தில் இருப்பது நிலத்தில் பிரிபடாத பாகமும் உங்கள் வீடும். ஏழாம் எண் கார் இடம் கட்டுமான ஒப்பந்தத்தில் ஒரு வரியாகத்தான் வருகிறது. கட்டியவருக்கு அதற்காக நீங்கள் தனியே பணம் கொடுத்திருக்கலாம். அதனால் அது வீட்டைப் போலத் தனிச் சொத்தாகிவிடாது. தூண்தளத்தில் இருக்கும் திறந்த நிறுத்துமிடத்தைத் தனி அலகாக விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. அது மகாராஷ்டிரச் சட்டத்தின் கீழ் எழுந்த வழக்கு என்றாலும் நாடெங்கும் நீதிமன்றங்களில் எடுத்துக்காட்டப்படுகிறது. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் திறந்தவெளி நிறுத்துமிடங்களைப் பொது இடமாகவே வரையறுக்கிறது.

செட்டிநாட்டில் வாழும் உங்களுக்கு இதை விளக்குவது எளிது. பங்காளிகள் சேர்ந்திருக்கும் பெரிய வீட்டில் ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது மணமான ஒவ்வொரு குடும்பத்துக்கும், தனி அறை உண்டு, தனிச் சாவி உண்டு. வளவு என்ற உள்முற்றமும் முகப்பும் எல்லோருக்கும் பொது. யாருடைய பங்கு எவ்வளவு சிறியதாக இருந்தாலும், வளவின் குறுக்கே இன்னொருவர் சாமானை அடுக்கி வழி மறிக்க முடியாது. உங்கள் தரைத்தளமும் அப்படிப்பட்ட பொது இடம்தான். அதில் ஏழாம் எண்ணைப் பயன்படுத்தும் உரிமை உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது. உரிமையாளர் என்ற சொல் கிடைக்கவில்லையே என்று வருந்த வேண்டாம். அந்த இடத்திலிருந்து அவரை விலக்கச் சொல்லிக் கேட்க இந்த ஒதுக்கீடே போதும்.

அவருடைய ‘அனுபவ பாத்தியதை’ வாதத்துக்கு இங்கே இடமே இல்லை. எதிரிடை அனுபவத்துக்கு, அதாவது பிறர் சொத்தை நீண்ட காலம் வைத்திருந்தே உரிமை கோருவதற்கு, பன்னிரண்டு ஆண்டுகளும், வழியுரிமை போன்ற வசதி உரிமைக்கு இருபது ஆண்டுகளும் வேண்டும். அதையும்விட முக்கியமானது ஒன்று உண்டு. பொதுச் சொத்தில் ஒரு பங்குதாரர் இருப்பது எல்லாப் பங்குதாரர்களின் சார்பிலும் இருப்பதாகவே சட்டம் கொள்ளும். மற்றவர்களின் உரிமையை வெளிப்படையாக மறுத்துத் துரத்தியதாக அவர் நிரூபித்தால்தான் கணக்கே தொடங்கும். ஆனாலும் நீங்கள் எழுத்தில் ஒரு மறுப்புக்கூடத் தெரிவிக்காமல் ஆண்டுகளைக் கடத்துவது நல்லதல்ல. இதுவரை எல்லாம் வாய்ப்பேச்சாகவே நடந்திருக்கிறது.

போலீஸ் ஏன் வேனை இழுத்துச் செல்லவில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் அந்த அதிகாரம் பொது இடங்களுக்கானது. தெருவில் வேன் வழியை மறித்தால் போக்குவரத்துக் காவலர் அகற்றலாம். உங்கள் கட்டடச் சுற்றுச்சுவருக்குள் அவர்கள் அப்படிச் செய்ய முடியாது. அந்த ஒரு விஷயத்தில் காவல் நிலையம் சொன்னது சரி.

ஆகவே இதற்கு முதல் வாசல் சங்கம்தான். தமிழ்நாட்டில் 2022ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்புச் சட்டம் 2024 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் சங்கம் இன்னும் பதிவு செய்யப்படவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் சரிசெய்ய வேண்டும். பன்னிரண்டு வீடுகளில் ஆறேழு வீட்டுக்காரர்கள் கையெழுத்திட்டுச் சிறப்புக் கூட்டம் கேட்டால் செயலாளர் மறுப்பது கடினம். கூட்டத்துக்கு அங்கீகரிக்கப்பட்ட கட்டட வரைபடத்தைக் கொண்டுபோங்கள். நிறுத்துமிடம் என்று வரைபடத்தில் காட்டிய பகுதியைக் கிடங்காக மாற்றுவது கட்டட விதிமீறல். அது மாநகராட்சி கேட்கக்கூடிய கேள்வி. எந்த எண் யாருக்கு என்பதையும், பொது இடத்தில் தொழில் சாமான் வைக்கக் கூடாது என்பதையும் தீர்மானமாக எழுதி, தரையில் எண்களைப் பெயிண்ட்டால் குறித்து, அவருக்கு எழுத்தில் அறிவிப்பு கொடுங்கள். நாளை நீதிமன்றம் போனால் இந்தத் தீர்மானம்தான் உங்கள் கையிலிருக்கும் பலமான ஆவணம்.

வசவும் குடியும் காவல் நிலையத்தின் வேலை

இந்தப் பகுதியில் ‘சிவில்’ என்ற பேச்சுக்கே இடமில்லை. பெண்ணின் மானத்தை அவமதிக்கும் நோக்கில் பேசுவது பாரதிய நியாய சன்ஹிதா 79ஆம் பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரியது. மிரட்டலுக்கு 351ஆம் பிரிவு இருக்கிறது. போக உரிமையுள்ள வழியில் ஒருவரைப் போகவிடாமல் தடுப்பது 126ஆம் பிரிவு. ஆம்புலன்ஸ் வந்த இரவுக்கு அது பொருந்தும் என்று வாதிட முடியும். ஆபாச வசவுக்கான 296ஆம் பிரிவு, பொது இடத்திலோ அதன் அருகிலோ நடந்தால்தான் வரும். தெருவை ஒட்டிய வாசலில் நடந்தவற்றைத் தனியாகக் குறிப்பிடுங்கள்.

மனுவில் பெண்கள் வழக்கமாக எழுதுவது, “தகாத வார்த்தைகளால் திட்டினார்.” இது போதாது. என்ன சொன்னாரோ அந்தச் சொற்களை அப்படியே எழுத வேண்டும். எழுதக் கை கூசும், எனக்குத் தெரியும். ஆனால் சொல் இல்லாத வசவு வழக்குகள் நீதிமன்றத்தில் விழுந்துவிடுகின்றன. தேதி, நேரம், சொன்ன சொல், அருகில் இருந்தவர் பெயர் என்று ஒரு நோட்டில் அன்றன்றே குறித்துவையுங்கள். மகள் கேட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். ஆனால் பரீட்சைக் காலத்தில் அவளைச் சாட்சியாக அலையவைப்பதா என்பதை நீங்களும் உங்கள் கணவரும் முன்கூட்டியே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இரவு பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி வைக்க 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் தடைவிதிக்கின்றன. பாட்டு அலறும்போதே 112க்கு அழையுங்கள். மறுநாள் போய்ச் சொல்வதைவிட, அந்த நேரத்தில் வந்து பார்த்த காவலரின் பதிவுக்கு மதிப்பு அதிகம்.

மனு கொடுத்தால் மனு ரசீது, அதாவது சி.எஸ்.ஆர்., கேட்டு வாங்குங்கள். குற்றம் நடந்ததாகச் சொல்லும் மனுவைப் பதிய மறுத்தால், அதே மனுவைச் சிவகங்கையில் இருக்கும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கேயும் பலன் இல்லையென்றால் நீதித்துறை நடுவர் முன் போகலாம்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. நம் பக்கம் ‘107 போடுவது’ என்பார்களே, அமைதியைக் காக்கப் பிணைப்பத்திரம் எழுதி வாங்குவது, அது இப்போது 126ஆம் பிரிவாகப் புதிய நடைமுறைச் சட்டத்தில் இருக்கிறது. அண்டை வீட்டுச் சண்டைகளில் இரு தரப்பின் மீதும் அதைப் போடுவது வழக்கம். உங்கள் தம்பி வாசலில் நின்று கத்திய ஒரு நாள் போதும், நீங்களும் ‘எதிர்த்தரப்பு’ ஆகிவிடுவீர்கள்.

கேமரா வைக்கச் சங்கம் தீர்மானித்தால் நல்லது. நிறுத்துமிடமும் வாயிலும் மட்டும் தெரியட்டும். யாருடைய வீட்டுக் கதவையும் பார்த்தபடி இருக்கக் கூடாது. அந்தப் பதிவுகளை நீதிமன்றத்தில் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழ் தேவைப்படும். பதிவு அழியாமல் எடுத்துவைத்துக்கொண்டால் சான்றிதழைப் பிறகு வழக்கறிஞர் பார்த்துக்கொள்வார்.

இவற்றைச் செய்ய வேண்டாம்

டயரைக் கிழிப்பது சொத்துக்குச் சேதம் விளைவிக்கும் குற்றம். இத்தனை நாள் குற்றம் செய்தவர் அவர். ஒரே இரவில் அந்த இடத்துக்கு உங்கள் தம்பி வந்துவிடுவார். தம்பிக்கு அரசு வேலைத் தேர்வு எழுதும் எண்ணம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வழக்கு அவர் எதிர்காலத்தை எப்படிப் பாதிக்கும் என்பதை அவரிடம் உட்கார்ந்து பேசுங்கள்.

தண்ணீரை நிறுத்துவது அதைவிட மோசம். அந்த வீட்டிலும் குழந்தைகள் இருக்கிறார்கள். அவர் மறுநாளே நீதிமன்றம் போய்த் தடையுத்தரவு வாங்கிவிடுவார். அதற்குப் பிறகு பாதிக்கப்பட்டவர் அவர்தான் என்றாகிவிடும்.

பராமரிப்புத் தொகை அவருக்குப் போகவில்லை. மின்தூக்கிக்கும் மோட்டாருக்கும் துப்புரவுக்கும் போகிறது. பொதுச் செலவில் பங்கு கொடுப்பது உரிமையாளரின் கடமை. நீங்கள் நிலுவை வைத்துவிட்டால், கூட்டத்தில் நீங்கள் எழுந்து பேசும்போது முதலில் அதைத்தான் கேட்பார்கள். ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

பேச்சும் வழக்கும்

அவர் மனைவி உங்களிடம் நன்றாகப் பேசுவார் என்றும், “இடத்துக்கு நாங்கள் எங்கே போவோம்” என்று ஒருமுறை அழுதார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இதை நான் முக்கியமாக எடுத்துக்கொள்கிறேன். அவர் செய்வது தவறு. ஆனால் வேனையும் அண்டாக்களையும் வைக்க அவருக்கு ஓரிடம் வேண்டும் என்பது உண்மை. காரைக்குடியிலும் சுற்றியுள்ள கோட்டையூர், பள்ளத்தூர் பக்கங்களிலும் பூட்டிக்கிடக்கும் வீடுகளும் காலி மனைகளும் உண்டு. ஒரு கொட்டகையை மாத வாடகைக்குப் பிடித்துக்கொடுக்கச் சங்கத்தில் யாராவது உதவினால், பாதிப் பிரச்சினை அங்கே தீரும்.

பேசும் காலத்தையும் யோசியுங்கள். வைகாசியிலும் ஆவணியிலும் முகூர்த்தத்துக்கு நடுவே போய்ப் பேசினால் அவர் காதில் ஏறாது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. அவருக்கும் நேரம் இருக்கும், வேனும் சும்மா நிற்கும். பகலில் போங்கள், தனியே போகாதீர்கள். இருவரும் மதிக்கும் பெரியவர் ஒருவரை அழைத்துப் போவதில் தவறில்லை. ஆனால் அவர் முன் எழுதிய தாளுக்குச் சட்டத்தில் தீர்ப்பின் வலு கிடையாது. ஒத்துக்கொண்டதை மக்கள் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். அங்கே எழுதப்படுவது உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் இல்லை. வழக்கு தொடுக்கும் முன்பே இதற்கு மனு கொடுக்கலாம், கட்டணம் இல்லை. அவர் வரமாட்டேன் என்றால் மக்கள் நீதிமன்றம் கட்டாயப்படுத்த முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிலிண்டருக்காக மட்டும் ஆடி வரை காத்திருக்க வேண்டாம்.

எதுவும் நடக்கவில்லையென்றால் உரிமையியல் நீதிமன்றத்தில் நிரந்தரத் தடையுத்தரவும், வைத்த பொருட்களை அகற்றும் உத்தரவும் கேட்டு வழக்கு. முதல் நாளிலேயே இடைக்காலத் தடையும், நேரில் பார்த்து அறிக்கை தர வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கும்படியும் கேட்கலாம். ஆணையர் வந்து அளந்து எழுதும் அறிக்கையே பல வழக்குகளில் எதிர்த்தரப்பைப் பேச்சுக்குக் கொண்டுவந்துவிடுகிறது. முழு வழக்கும் முடிய ஆண்டுகள் ஆகும் என்பதை மறைக்க மாட்டேன்.

வீடு கணவர் பெயரில் இருப்பதால் வழக்குக்கு அவருடைய அதிகாரப் பத்திரம் (பவர் ஆஃப் அட்டர்னி) வேண்டும். சிங்கப்பூரில் உள்ள இந்தியத் தூதரகத்தில் கையெழுத்திட்டு அனுப்பச் சொல்லுங்கள். இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் அதற்கு முத்திரைத்தீர்வை செலுத்திவிட வேண்டும். பலர் இதைத் தவறவிட்டு மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறார்கள். காவல் நிலைய மனுவுக்கு இந்தப் பத்திரம் தேவையில்லை. வசவு வாங்கியவர் நீங்கள்; மனுவும் உங்கள் பெயரிலேயே போகட்டும்.

விற்பதைப் பற்றி: இன்றைய நிலையில் வேண்டாம் என்பேன். வீடு பார்க்க வருபவர் முதலில் காரை எங்கே நிறுத்துவது என்றுதான் கேட்பார். அடைபட்ட ஏழாம் எண்ணைக் காட்டி நல்ல விலை வாங்க முடியாது. சங்கத் தீர்மானமும் ஓர் இடைக்கால உத்தரவும் கிடைத்த பிறகும் உங்களுக்கு அங்கே இருக்க மனம் இல்லையென்றால், அப்போது விற்பது உங்கள் விருப்பம்.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவிடம் போங்கள். 15100 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம். போகும்போது கிரையப் பத்திரம், கட்டுமான ஒப்பந்தம், கட்டட வரைபடத்தின் நகல், பராமரிப்பு ரசீதுகள், சிலிண்டர் படங்கள், 108க்கு அழைத்த தேதியும் நேரமும், மாமியாரின் மருத்துவமனைச் சீட்டு ஆகியவற்றை ஒரே கோப்பில் எடுத்துச் செல்லுங்கள்.